அத்தை வாங்கிய துவக்கு

துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்குவதற்கான அந்த விண்ணப்பப் படிவத்தில் பெயரைக் கேட்டிருந்தார்கள். தகப்பன் பெயர், வயது, சமயம், குடியிருக்கும் இடம், காணியின் அளவு, துவக்கை எங்கே பூட்டி வைப்பது என்பதையெல்லாம் கேட்டிருந்தார்கள். விண்ணப்பிப்பவருக்கு யார் மேலாவது பகை உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. நான் மேலிருந்து கீழ்வரை வாசித்துத் தேடிப் பார்த்தேன். எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை, "என்னத்தப் புள்ள அப்புடித் தேடுற?" என்று கேட்டார். சொன்னேன். "அவுங்க கேக்காதத நாம எதுக்குச் சொல்லணும்? கேட்டதுக்கு மட்டும் சரியா எழுது," என்றார். வெளியே ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய மழை கொக்கோ இலைகளில் விழுந்துகொண்டிருந்தது. தாள் நனைந்துவிடக் கூடாது என்று அத்தை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பிள்ளைகள் இல்லாதவர். ரத்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையை ஒட்டினாற்போல் அவர்களுக்குக் கொஞ்சம் காணி இருந்தது. மாமா முன்பு அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். துரையிடம் கைகட்டி நின்றது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, அந்தக் காணியை வாங்கிக் கொக்கோவும் மிளகும் போட்டார். நான் மாத்தளையில் கன்னியர் மடத்தில் படித்துவிட்டு, ரத்தோட்டையில் ஆசிரியையாகி, அவர்களோடுதான் தங்கியிருந்தேன். மாமா அதிகம் பேசமாட்டார். மாலையில் தோட்டத்திலிருந்து வரும்போது பழுத்த கொக்கோக் காய் ஒன்றை உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிக்கொண்டே வருவார். அத்தை அதைப் பார்த்து, சின்னப் பையனைப்போல என்று சிரிப்பார். அந்த வீட்டில் நான் நினைத்துப் பார்க்க விரும்பும் சிரிப்பு அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அத்தை சிரித்த சிரிப்புகள் வேறு வகையானவை.

எங்கள் காணியை ஒட்டிய ஓடைக்கு அப்பால் பெரிய கங்காணியின் வீடு. தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். ஆட்களைச் சீமையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, கூட்டிவந்தவர் என்ற உரிமையில் அவர் சொன்னதே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சட்டம். சுற்றியிருந்த துண்டு நிலங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டிருந்தார். எங்கள் காணி மட்டும் நடுவே நின்றது. அதன் வழியாகத்தான் அவருடைய நிலத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வண்டி இறக்க முடியும். மாமாவிடம் பலமுறை கேட்டுப் பார்த்தார். நல்லவிதமாகக் கேட்டார், ஆள் விட்டுக் கேட்டார், கடைசியில் பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, "அவனா விட்டுட்டுப் போகலேன்னா வேற வழியில போவான்," என்று சொன்னார். அதைக் கேட்டவர்கள் பலர். பிறகு கேட்டதாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

அன்றைக்கு மாமா ரத்தோட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். அதனால் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும். பொழுது சாயும் நேரத்தில் எங்கள் காணிக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தவரை ஓடைக்கு அப்பாலிருந்து வந்த குண்டு தாக்கியது. வெடிச் சத்தத்தைத் தொடர்ந்து கங்காணியே கூவிக்கொண்டு ஓடிவந்தார், பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்று. நாங்கள் போய்ச் சேரும்போது மாமாவின் தலை கங்காணியின் மடியில் இருந்தது. அத்தை அந்தத் தலையை அவர் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் சவப்பெட்டியைத் தூக்க முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தவரும் கங்காணிதான். அந்தத் தோளை நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் என் பற்கள் தாமாக நறநறக்கின்றன.

மரண விசாரணையில் அத்தை சொன்னது ஒரே விஷயம். "அவரு வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு. வெள்ளச் சட்ட போட்ட பன்னிய நான் பாத்ததில்ல." தமிழில் சொன்னதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல ஒருவர் இருந்தார். அவர், இந்தப் பெண்ணின் கணவர் சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொன்னார். சட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்வரிசையில் இருந்த நான் எழுந்து இங்கிலீஷிலேயே சொல்லத் தொடங்கினேன். சாட்சி அல்லாதவர்கள் பேசக் கூடாது என்று உட்காரவைத்தார்கள். கருக்கல் நேரம், புதர் அசைந்தது, எதிர்பாராத விபத்து என்று முடிந்துபோனது. துவக்குக்குக் கங்காணியிடம் முறையான லைசன்ஸ் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அத்தை கேட்டார், "நான் சொன்னது அந்தப் பேப்பர்ல இல்லியா?" இல்லை என்றேன்.

நாவுலயில் வயல் செய்துகொண்டிருந்த மாமாவின் தம்பி ஒருநாள் வந்து, தன்னிடம் துவக்கு இருக்கிறது, அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அத்தை அவருக்குச் சோறு போட்டார். சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து, "ஒங்க துவக்கும் வேணாம், ஒங்க கையும் வேணாம். என்னால நீங்க ஜெயிலுக்குப் போனா அது அவனுக்குத்தான் சந்தோசம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு கங்காணியே வந்தார். வாசலில் நின்று, பெண்ணாகத் தனியாக இந்தக் காட்டில் எப்படி இருப்பீர்கள், நல்ல விலை தருகிறேன், மாத்தளை டவுன் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விடுங்கள் என்று அன்பாகச் சொன்னார். அத்தை அவரை உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அவர் பேசி முடித்துத் தானாகப் போகும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலை பஸ்ஸில் மாத்தளைக்கு, கச்சேரி என்று சொல்லும் அரசாங்க அலுவலகத்துக்குப் போய், பெண்பிள்ளை துவக்கு வாங்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தார்.

முதல் விண்ணப்பத்தைக் கச்சேரி வாசலில் மனு, பெட்டிசம் எழுதுகிறவர் எழுதினார். அது திரும்பி வந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் இருந்தது அத்தையின் ஞானஸ்நானப் பெயர். பெட்டிசக்காரர் எழுதியது வீட்டில் கூப்பிடும் பெயர். அடுத்த விண்ணப்பமும் திரும்பியது. இம்முறை பெயர் சரி, கிராமத்தின் பெயர் தவறு. அதோடு கிராமத் தலைவரான ஆராச்சி, இந்த அம்மாவுக்குத் துவக்குத் தேவையில்லை என்று சிங்களத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். ஆராச்சியும் கங்காணியும் கூடிச் சாப்பிடுகிறவர்கள் என்பது ஊரறிந்தது. அப்போதுதான் அத்தை படிவத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "இனிமே நீயே எழுது புள்ள. நான் சொல்றதத்தான் எழுதணும், எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டணும். ஒரு பொய்யும் இருக்கக் கூடாது. பொய் இருந்தா அதப் புடிச்சுக்கிட்டு நிப்பாட்டிருவான்."

அன்று மாலை முழுவதும் எழுதினோம். பெயரை உறுதியில் இருப்பதுபோலவே, ஒரு எழுத்துப் பிசகாமல். வயதை ஞானஸ்நானச் சான்றைப் பார்த்து. எந்த வகைத் துவக்கு என்ற இடத்தில் ஒற்றைக் குழல் என்று. பூட்டி வைக்கும் இடம் என்பதற்கு, மாமாவின் தேக்கு அலமாரி, சாவி விண்ணப்பதாரி கையில் என்று. எதற்காகத் தேவை என்ற கேள்வி வந்ததும் என் பேனா நின்றது. அத்தை நிறுத்தாமல் சொன்னார்: "பன்னி கெழங்கத் தோண்டுது. கொரங்கும் மரஅணிலும் கொக்கோக் காயத் துளைக்குது. அதெல்லாம் நெசந்தானே? எழுது." நிஜம்தான். எழுதினேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "அத்த, நெசமாவே சுடப்போறீங்களா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "மொதல்ல கைக்கு வரட்டும்," என்றார்.

நான் ஏன் எழுதினேன் என்று பிற்காலத்தில் என் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். படித்தவள், பள்ளிக்கூடத்தில் வேதபாடம் சொல்லிக்கொடுத்தவள், ஒரு கொலைக்கான ஏற்பாட்டில் எப்படிக் கைவைத்தாய் என்று. அந்தச் சட்டையை ஓடையில் அலசியவள் நான். இதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை. வருத்தமும் இல்லை.

விண்ணப்பத்தில் குறை காண ஒன்றும் இல்லாததால் விசாரணை வந்தது. ஆராச்சிமாருக்கெல்லாம் மேலதிகாரியான ரட்டே மாத்தயா நேரிலேயே காணியைப் பார்க்க வந்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயும், யாரையும் நம்பாத கண்களும் கொண்ட மனிதர். பன்றி தோண்டிய இடங்களைப் பார்த்தார். அணில் துளைத்த காய்களைக் காலால் புரட்டினார். அலமாரியைத் திறந்து மூடச் சொன்னார். படிவத்தை வரிவரியாகக் கேட்டார், அத்தை சிங்களத்தில் வரிவரியாகப் பதில் சொன்னார். எல்லாம் முடியும் நேரத்தில் ஆராச்சியோடு கங்காணி வந்து சேர்ந்தார். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல், இந்த அம்மாவுக்குத் துவக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் என்னைச் சுட்டுவிடுவாள் என்றார்.

ரட்டே மாத்தயா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார், "உங்களை எதற்காகச் சுட வேண்டும்?"

"இவுங்க புருசன் செத்ததுக்கு."

"அது விபத்து என்றல்லவா தீர்ப்பு?"

"ஆமாங்க. விபத்துதான்."

"விபத்து என்றால் இந்த அம்மாவுக்கு உங்கள் மேல் என்ன பகை?"

கங்காணி ஆராச்சியைத் திரும்பிப் பார்த்தார். பகைக்குக் காரணம் உண்டு என்று சொன்னால் விபத்து இல்லை என்றாகும். விபத்து என்று நின்றால் துவக்கை மறுக்க முடியாது. தானே எழுதிக்கொடுத்த வாக்குமூலத்துக்குள் அவர் தானே பூட்டுப்பட்டு நின்றார். ரட்டே மாத்தயாவுக்கு எல்லாம் புரிந்திருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் அத்தையைப் பார்த்து, "உங்களுக்கு இவர் மேல் கோபமா?" என்று கேட்டார். அத்தை சொன்னார், "கச்சேரி ஃபாரத்துல அப்புடி ஒரு கேள்வி இல்லீங்களே." ரட்டே மாத்தயா உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு, அங்கேயே சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அனுமதிச் சீட்டோடு மாத்தளைக்குப் போய், திருகோணமலை வீதியில் இருந்த ஒரு கடையில் துவக்கு வாங்கினோம். கடைக்காரர் ஐயா வரவில்லையா என்று கேட்டார். "ஐயா வரமாட்டாரு. எங்கிட்டயே குடுங்க," என்றார் அத்தை. துவக்கில் வெட்டியிருந்த இலக்கத்தையும் சீட்டில் எழுதிய இலக்கத்தையும் என்னைக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வைத்தார். பிறகு கச்சேரிக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கி, அந்த வருஷத்து லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு வீடு வந்தோம். பஸ்ஸில் அத்தை துவக்கைத் துணியில் சுற்றி மடியில் குழந்தையைப்போல வைத்திருந்தார். ரத்தோட்டையில் இறங்கியதும் துணியை எடுத்துவிட்டார். தோளில் சாத்திக்கொண்டு, எல்லோரும் பார்க்க, லயத்து வழியாக நடந்தார்.

சில நாட்களுக்குப் பிறகு ஒரு மாலையில், ஓடைக்கு அப்பால் கங்காணி தனியாக நடந்துபோனார். அத்தை கொக்கோ மரத்தடியில் நின்றிருந்தார். துவக்கை உயர்த்தினார். கங்காணி பார்த்துவிட்டார். ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. கையில் இருந்த குடையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அத்தை நெடுநேரம் குறிபார்த்தபடி நின்றுவிட்டு, துவக்கை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். நடந்ததைச் சொன்னார். அவர் முகம் மாமா போன பிறகு முதல்முறையாகத் தெளிந்திருந்தது. "இப்பத்தான் புள்ள புரியுது. சுட்டா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். அவனுக்கு எதுக்கு அவ்வளவு லேசா?"

அதன் பிறகு துவக்கு பேசத் தொடங்கியது. சில வாரங்களில் ஒருமுறை, சில வாரங்களில் இல்லவே இல்லை. எந்த நாள் என்று எனக்கும் தெரியாது. ஆனால் எப்போதும் மாமா விழுந்த அந்தப் பொழுதில்தான், எங்கள் காணிக்குள், பன்றித் தடத்தை நோக்கி ஒரே ஒரு வெடி. ஓடைக்கு அப்பால் கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம் கேட்கும். ஒருநாள் நிஜமாகவே ஒரு பன்றி விழுந்தது. அத்தை இறைச்சியை லயத்துக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுத்தார். கங்காணி வீட்டுக்கும் ஒரு பங்கு, வாழை இலையில் கட்டி. கொண்டுபோன பெண்ணிடம், "பன்னிதானான்னு நல்லாப் பாத்துட்டுத்தான் சுட்டேன்னு சொல்லு," என்று சொல்லி அனுப்பினார். இலை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அன்று அத்தை இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

கங்காணி பொலிசில் முறையிட்டார். அவர்கள் வந்து லைசன்ஸைப் பார்த்தார்கள், அலமாரியின் பூட்டைப் பார்த்தார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். எல்லாம் எழுதியபடி இருந்தது. கங்காணி வேட்டைக்குப் போவதை நிறுத்தினார். பெரட்டுக்களத்துக்கு மலையைச் சுற்றிக்கொண்டு தூரவழியாகப் போனார். ஓடைப் பக்கத்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார். உடம்பு பாதியானது. ஆட்களை அதட்டிய குரலும் இறங்கிப்போனது என்று லயத்துப் பெண்கள் வந்து சொன்னார்கள். பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. காக்கிச் சட்டையை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போடத் தொடங்கினார். வெளிச்சம் இருக்கும்போதே கையில் லாந்தர் ஏற்றிக்கொண்டு நடந்தார். தூரத்திலிருந்தே மனிதன் என்று தெரிய வேண்டுமாம். அத்தை வாசலில் நின்று அதைப் பார்த்தார். "வெள்ளச் சட்ட போட்டா பன்னி இல்லேன்னு தெரியுமாமே," என்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கே உடம்பு கூசியது. ஆனாலும் நானும் சிரித்தேன்.

கங்காணி கடைசியில் பகலில், வெறுங்கையோடு, எங்கள் வாசலுக்கு வந்தார். மனைவியும் கூட வந்து வேலிக்கு அப்பால் நின்றாள். "என்னால தூங்க முடியல தங்கச்சி. ஒங்களுக்கு என்னதான் வேணும்? காணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். சொல்லுங்க," என்றார். அத்தை அலமாரியைத் திறக்கவில்லை. வாசற்படிக்கு வந்து நின்று கேட்டார்.

"அன்னைக்கி அவரு என்ன நெறத்துல சட்ட போட்டிருந்தாரு? அத மட்டும் சொல்லுங்க."

"கருக்கல் நேரம் தங்கச்சி..."

"நேரத்தக் கேக்கல. நெறத்தக் கேக்குறேன். நீங்க சுடுறதுக்கு முன்னாடி பாத்த நெறம்."

கங்காணி என்னைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ள," என்றார்.

அந்த அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அத்தை உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கங்காணி வெளியே நின்று மன்னிப்பு, மன்னிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம் கேட்டது. நான் கதவருகே போனபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிக்கட்டும்," என்றார்.

அடுத்த வாரமே மறுபடியும் வெடித்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் ஓய்ந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். நானும்கூட நினைத்தேன். அத்தை அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கங்காணி நிலங்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். மாத்தளை ஸ்டேஷனுக்கு அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெறுங்கையாகத்தான் போனார். ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவர் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி நகரும்வரை கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது அத்தையிடம் நிம்மதியா என்று கேட்டேன். "என்ன நிம்மதி? அங்க போயித் தூங்குவான்," என்றார், பிடித்த மீனைக் கைதவற விட்டவர்போல.

தோட்டம் இப்போது வேறு கைகளில் இருக்கிறது. கங்காணி வீடு இருந்த இடத்தில் பாக்கு மரங்கள் நிற்கின்றன. எங்கள் காணியில் இன்றும் கொக்கோ காய்க்கிறது; பன்றியும் வருகிறது. அத்தை கடைசிவரை அங்கேதான் இருந்தார். படுக்கையில் விழுந்தபோது மாதா கோயில் சுவாமியை நான்தான் அழைத்து வந்தேன். பாவசங்கீர்த்தனம் முடிந்த பிறகும் சுவாமி எழுந்திருக்கவில்லை. என்னையும் உள்ளே கூப்பிட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வன்மம் வச்சுக்கிட்டுப் போகக் கூடாது மகளே. அந்த மனுசன மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க," என்றார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார், "சுடுபட்டது நான் இல்லியே சுவாமி. போயி அவருகிட்ட கேக்குறேன். அவரு மன்னிச்சிட்டேன்னு சொன்னா..." மூச்சு வாங்கியது. "அவருக்கு எப்பவும் எளகின மனசு. அதனால அவரு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

நான் எடுத்துச் சொல்வேன் என்று சுவாமி என்னைப் பார்த்தார். நான் அத்தையின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.